ஒரு சைஸ் கூட

எங்கள் மாமனார் கடையில் வாங்கிய யூனிபார்ம் சட்டை, வாங்கிய வருஷம் யாருக்கும் பொருந்தாது. அடுத்த வருஷம் பொருந்தும். அதற்குள் காலர் நைந்திருக்கும், பை ஓரம் நூல் விட்டிருக்கும். சங்கரன்கோவிலில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள், விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிற சட்டைக்கைகளோடு பள்ளிக்கூட வரிசையில் நின்றார்கள் என்றால் அதற்கு அவர்தான் முழுப் பொறுப்பு.

கழுத்தில் இஞ்ச் டேப் எந்நேரமும் தொங்கும். அதை வைத்து அவர் யாரையும் அளந்து நான் பார்த்ததில்லை. வந்த பிள்ளையை மேலும் கீழும் ஒரு பார்வை பார்ப்பார். கை தானாக ஒரு அடுக்கு மேலே போய் அடுத்த அளவை உருவும். "அண்ணாச்சி, இது இவங்க அப்பாவுக்கே பத்தும் போலிருக்கே" என்று தாய்க்காரி முணுமுணுப்பாள்.

"வளருத பிள்ளம்மா. கூட இருந்தா மடிச்சிக்கிடலாம். கொறஞ்சா என்ன செய்வ?"

அவ்வளவுதான். அந்தம்மா பையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். கொறஞ்சா என்ன செய்வ என்று அவர் கேட்கிற விதத்தில், குறைந்துபோனால் உலகத்தில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்று எதிரே நிற்பவருக்குத் தோன்றிவிடும்.

அவர் காலமாகி இரண்டு ஆடி கழிந்துவிட்டது. இன்றைக்கும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும்.

நான் ராயகிரிப் பெண். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்தபோது முதலில் கண்ணில் பட்டது, நடுக்கூடத்தில் கிடந்த ஒரு பெரிய தேக்குக் கட்டில். எங்களுக்கென்று மாமா ஆசையாகச் செய்யச் சொன்னது. எங்கள் அறையின் வாசல் வழியாக அது நுழையவில்லை. ஆசாரி காலைக் கழற்றித் தருகிறேன் என்றாராம். புதுக் கட்டிலைக் கழற்றக் கூடாது என்று மாமா மறுத்துவிட்டார். கடைசிவரை அது கூடத்திலேயே கிடந்தது. வருகிற போகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் அதில் உட்கார்ந்து காப்பி குடித்தார்கள். நாங்கள் பாயில் படுத்தோம்.

என் கணவருக்கு அவர் வாங்கித் தந்த ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் தலையைத் திருப்புவார், ஹெல்மெட் திரும்பாது. நேராகவே பார்த்துக்கொண்டிருக்கும். எங்கள் மகள் பிறந்து பெயர் வைக்கும் நாளுக்கு அவர் கொண்டு வந்த கவுனை அவள் எல்.கே.ஜி. போகும்போதுதான் போட முடிந்தது. ரயிலுக்குப் போவதென்றால், முந்தின ரயில் வருவதற்கு முன்பே எங்களை ஸ்டேஷனில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்.

அவர் மட்டும் என்ன, அளவாகவா உடுத்தினார்? சட்டையின் தோள்பட்டை முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கும். செருப்பு கழன்றுவிடாமலிருக்கக் கால் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார். தெருமுனையில் அவர் வரும்போதே சளக் சளக்கென்று சத்தம் வீடுவரை கேட்கும்.

இதில் எனக்குத் தாங்கவே முடியாதது ஒன்று உண்டு. நான் திருநெல்வேலியில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். வெறும் உதவிப் பேராசிரியர். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவர், "நம்ம மருமவ காலேஜ் பிரின்சிபாலா இருக்கா" என்பார். நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

"மாமா, நான் பிரின்சிபால் இல்ல. எங்க பிரின்சிபால் காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?"

"ஆகத்தான போற. இப்பமே சொல்லி வச்சா என்ன?"

அதாவது, நான் வளருகிற பிள்ளை.

ஊருக்கும் கல்லூரிக்கும் போக வர நூறு கிலோமீட்டரைத் தாண்டும். பஸ்ஸில் போய் வந்த காலத்தில் வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் நான் கிளம்பும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே இறந்துவிட்டதால் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவளை நேரே கடைக்குத்தான் கூட்டி வருவார்கள். கடையில் மாமாவும் என் கணவரும் இருந்தாலும், வியாபார நேரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே அவளை யார் கவனிப்பது? அதனால்தான் நான் கடன் போட்டு அந்தச் சின்ன மின்சாரக் காரை வாங்கினேன். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் போய்விட்டு வந்துவிடலாம். என் கணவருக்கும் எனக்கும் ஒரு பேச்சு இருந்தது: ஆறரைக்குள் நான் கடை வாசலில் வந்து பிள்ளையைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் இந்த வேலையை விட்டுவிட்டு உள்ளூரில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும்.

கார் வந்த அன்று மாமா அதைச் சுற்றி வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. இதுல பெரிசு இல்லியா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று வருஷம் அது என்னை ஏமாற்றவில்லை. கல்லூரியில் பிளக் போட அனுமதியில்லை. ஊருக்கு வெளியே இருக்கிற சார்ஜ் நிலையத்தில் வரிசையில் நின்றால் பொழுது போய்விடும். ஆனாலும் வீட்டுச் சார்ஜிலேயே போய்த் திரும்பி வந்து நிற்கும்போது கால்வாசி மிச்சமிருக்கும். பிறகு டயர்கள் தேய்ந்தன. மாற்ற வேண்டியதுதான். ஆனால் மின்சாரக் காருக்குக் கண்ட டயரைப் போட்டுவிட முடியாது. நான் ஒரு மாதம் அதைப் பற்றியே படித்தேன், விசாரித்தேன். பேட்டரி எடை அதிகம் என்பதால் அதைத் தாங்குகிற வலு வேண்டும். உருளும்போது ரோட்டோடு ரொம்ப ஒட்டி இழுக்காத ரகமாக இருக்க வேண்டும். முக்கியமாக, கம்பெனி போட்டுத் தந்த அதே அகலம். அகலம் கூடினால் ரோட்டில் உரசலும் காற்றின் தடையும் கூடும், சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

சாப்பாட்டு நேரத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். உராய்வு என்றால் என்னவென்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். மாமா மோரைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"ஏம்மா, டயர் அகலமா இருந்தா ரோட்டைக் கவ்விப் பிடிக்கும்லா?"

"பிடிக்கும் மாமா. ரொம்பப் பிடிச்சாத்தான் சார்ஜ் போகும்னு சொல்லுதேன்."

"மழையில வழுக்கிட்டுன்னா?"

"அதுக்கு இந்த அகலமே போதும்னு கார் செஞ்சவங்களே சொல்லுதாங்க."

"அவன் சொல்லுவான். அவனா ஓட்டப் போறான்? கூட இருந்தா என்ன குடியா முழுகிரும்?"

"கூட இருந்தா மடிச்சிக்கிட இது சட்டை இல்ல மாமா. டயர்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷமாகியும் எனக்குப் புத்தி வரவில்லை.

டயர்க் கடைக்காரரிடம் நானே போனில் பேசி, எந்த ரகம், எந்த அளவு என்று சொல்லி வைத்தேன். அவர் அதை வரவழைத்துவிட்டதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு ராயகிரியில் அம்மா வீட்டு விசேஷம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். என் கணவர் காரைக் கொண்டுபோய் மாற்றி வருவதாக ஏற்பாடு. சாயங்காலம் திரும்பி வந்தபோது கார் வாசலில் நின்றது. மெலிந்த பெண்ணுக்கு யாரோ ஆம்பிளைச் செருப்பை மாட்டிவிட்டது போல் நாலு பக்கமும் தடித்தடியாக டயர்கள்.

"அப்பாவும் கூட வந்தாங்க" என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

"நீங்க அங்கன என்ன செஞ்சிக்கிட்டு இருந்திய?"

"நான் டீ குடிக்கப் போனேன். வாரதுக்குள்ள ரெண்டு டயர் மாட்டியாச்சு."

டயர்க் கடைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் பாவம், பணிவாகத்தான் சொன்னார். "அண்ணாச்சி சொல்லும்போது நான் எப்படிம்மா முடியாதுன்னு சொல்ல? எம் பிள்ளைக நாலு பேருக்கும் அவுகதான் சட்டை தந்தாவ."

மாமா கட்டிலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்ன மாமா செஞ்சி வச்சிருக்கிய?" என்று கேட்டேன். அழுகை வருகிற கோபம். அவர் பேப்பரை இறக்கினார்.

"ஒரு சைஸ்தான மக்கா கூட்டிருக்கேன். ஒத்தையில ஓட்டிட்டு வாரே. பிடிப்பு இருக்கட்டும்."

சாயங்காலம் வந்து நிற்கும்போது கால்வாசி இருந்த சார்ஜ், அந்த வாரம் பத்து சதவீதத்துக்கு வந்தது. வளைவில் ஒடித்துத் திருப்பினால் சக்கரத்துக்கு மேலிருக்கிற தகட்டில் டயர் உரசும். ஏ.சி.யை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுக்கத்தில் ஓட்டினேன். லாரிகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போகிற வேகத்தில் வந்தேன். கல்லூரியில் கடைசி வகுப்பு முடிந்ததும் யாரிடமும் பேசாமல் ஓடினேன். மாற்றிவிடலாம் என்றால் புது டயரைக் கழற்றிப் போட மனசு வரவில்லை; ஓட ஓடக் கொஞ்சம் தேய்ந்தால் சரியாகும் என்று டயர்க் கடைக்காரர் வேறு சொல்லியிருந்தார். பிறகு ஆடி மாதம் வந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று தெரியும்தானே. காற்றாலைகள் இராப்பகலாகச் சுற்றும். வீடு திரும்புகிற வழியெல்லாம் அது மேற்கே இருந்து முகத்தில் அடிக்கும். கார் அதைத் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா அன்று எங்கள் ஊருக்கு விடுமுறை, என் கல்லூரிக்கு இல்லை. தேர்வு வேலை இருந்ததால் லீவு போட முடியவில்லை. திரும்பி வருகிற வழியில் பனவடலிசத்திரம் தாண்டுவதற்குள் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. ஊருக்குள் கூட்டம், வண்டிகளைச் சுற்றி விடுகிறார்கள் என்று முன்னால் போனவர்கள் சொன்னார்கள். சுற்றிப் போகிற அளவுக்குக் காரில் உயிரில்லை. ரோட்டோரம் ஒரு டீக்கடையில் கெஞ்சி, மாவு கிரைண்டர் போடுகிற பிளக்கில் ஒயரைச் செருகினேன். கடைக்காரர் கிரைண்டரை நிறுத்திவிட்டு, "பைய ஏத்திக்கிட்டுப் போங்கம்மா" என்றார். பைய என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவருக்குத் தெரியாது. அங்கே நின்றுகொண்டு நான் என் மாமனாரை மனசுக்குள் திட்டிய திட்டை எழுத முடியாது.

இருட்டியபிறகு போன் வந்தது. கணவர். குரலே சரியில்லை.

தபசுக் கூட்டத்தில் கடையில் நிற்க இடமில்லை. வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், அம்மா வந்திருப்பாள் என்று கடையை விட்டு இறங்கிவிட்டாள். வியாபாரத்தில் இவர்கள் இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஆறு வயசுப் பிள்ளை. நல்லவேளை, நாலு கடை தள்ளி இருந்த பாத்திரக்கடைக்காரர் அவளை அடையாளம் கண்டு தூக்கி வந்திருக்கிறார். நான் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, அழுது வீங்கிய முகத்தோடு காக்கித் துணி மூட்டையின் மேல் தூங்கிக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கடையில் ஆள் நின்றிருந்தும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சொன்னார். "இது இனிமே சரிப்படாது. இங்கனயே ஏதாவது ஸ்கூல்ல பாரு."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். படித்த படிப்பு, வாங்கிய பட்டம், நான் எடுக்கிற வகுப்பு எல்லாம் நாலு டயரில் போய்விட்டது. அந்த மனிதர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயரை மாற்றுவதென்று நான் தனியாகக் கிளம்பினேன். வேலையை விட்டாலும் இந்த டயரோடு காரை வைத்திருக்கப் போவதில்லை என்று ஒரு வீம்பு. வண்டியை எடுக்கும்போது முன் கதவைத் திறந்துகொண்டு மாமா ஏறி உட்கார்ந்தார். இறங்குங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. இன்னும் ஒரு சைஸ் கூட்டிப் போடச் சொன்னால் அங்கேயே ஊரைக் கூட்டிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஓட்டினேன்.

டயர்க் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "என்ன அண்ணாச்சி, இப்பதான போட்டோம்?"

"கழத்தும்வே" என்றார் மாமா. "எம் மருமவ அன்னைக்குச் சொன்னாள்லா, அந்த டயரையே போடும்."

"அப்ப சைஸு?"

மாமா கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கம்பெனி போட்ட அதே சைஸ்."

டயர்க் கடைக்காரர் சிரித்துவிட்டார். "அண்ணாச்சி வாயில இருந்து அதே சைஸா? எம் மூத்தவன் இப்பம் கல்யாணத்துக்கு நிக்கான், நீங்க ஆறாங்கிளாஸ்ல தந்த டவுசர் இன்னும் அவனுக்குச் சேரும்." அங்கே நின்ற நாலைந்து பேரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்காரவுமில்லை. நாலு டயரும் மாட்டி முடியும்வரை அவர் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொன்றுக்கும் காற்று சரியாக இருக்கிறதா என்று அவரே குனிந்து பார்த்தார். திரும்பி வரும்போது கார் முன்னைப் போல வழுக்கிக்கொண்டு போனது.

வீட்டில் என் கணவர் விடுவதாயில்லை. "டயரை மாத்திட்டா ஆச்சா? நாளைக்கு மழை வரும், ரோட்டை மறிப்பான், பஞ்சராகும். ஆறரைக்குள்ள வந்துருவேன்னு இவளால சொல்ல முடியுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா பேசினார்.

"ஏலே, அந்த ஆறரை அவளுக்கு டைட்டா இருக்குலே. மூச்சு முட்டிப்போய் ஓடி வாரா. பார்த்தா தெரியலியா உனக்கு?"

"அதுக்கு என்ன செய்ய? பிள்ளைய யாரு பாக்க?"

"நான் பாக்கேன். நாளையில இருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நான் பிள்ளைய வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துருதேன். சாயங்கால ஏவாரத்தை நீ பாரு."

என் கணவர் அவரையே பார்த்தார். நாற்பது வருஷமாக விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தக் கல்லாவை விட்டு நகராத மனிதர். ஜூன் மாதத்தில் சொந்தத் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் போய்விட்டு வந்தவர்.

"சரிப்பா" என்றார் கடைசியில். "அப்ப ஏழரைன்னு வச்சிக்கிடுவோம்."

"ஏழரைங்கிற வார்த்தையே வீட்ல வேண்டாம்" என்றார் மாமா. "எட்டுன்னு வை."

எட்டு மணிவரை எனக்கு வேலையே கிடையாது. ஏழுக்கே வந்துவிடுவேன் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். வெளியே அவர் மகளிடம், அம்மா நாளையிலிருந்து பைய வருவாள், நாம் இரண்டு பேரும் தோசை தின்றுவிட்டுக் காத்திருப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பினேன். இன்றைக்கும் அந்தக் கல்லூரிக்குத்தான் போய் வருகிறேன்.